இந்த முறை பொது டிவிஷன்

எங்கள் டிவிஷனில் ஐந்து வருஷம் கவுன்சிலராக இருந்தது நான். எல்லோரும் கவுன்சிலர் என்று கூப்பிட்டது என் கணவர் சங்கர்ராமை. அதற்கு முந்தைய ஐந்து வருஷம் அவர் உண்மையிலேயே கவுன்சிலராக இருந்தவர், பழகின வாய் மாறவில்லை என்று நானும் விட்டுவிட்டேன். காலையில் மனுவோடு வருகிறவர்கள் வாசலில் என்னைப் பார்த்ததும், கவுன்சிலர் இருக்கிறாரா மாமி என்று கேட்பார்கள். இருக்கிறார் என்று உள்ளே அழைத்து உட்காரவைப்பேன். காபி கொடுப்பேன். பிறகு அவர் காட்டுகிற இடத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பேன். கொச்சி மாநகராட்சியில் இவ்வளவு சௌகரியமான கவுன்சிலர் வேறு யாருக்கும் கிடைத்திருக்க மாட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்க ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வார்டைத்தான் இங்கே டிவிஷன் என்போம். கேரளத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. ஒரு தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கிய டிவிஷன் பெரும்பாலும் அடுத்த தேர்தலில் பொதுவாகிவிடும், அதற்கு அடுத்ததில் மறுபடி பெண்களுக்கு வரும். அதனால் நாற்காலியில் இருக்கும் ஆண், தன் முறை முடியும்போது வீட்டுக்குள்ளேயே ஒரு பெண்ணைத் தேடுவார். பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு போடுவார்களே, அந்த மாதிரி. போன முறை அந்தத் துண்டு நான்.

அவருக்கு எங்கள் மட்டாஞ்சேரி ஜூ டவுனில் சுக்கு, மிளகு கமிஷன் வியாபாரம். ஒரு மத்தியானம் சாப்பிட வந்தவர் வேட்புமனுவைத் தயிர்சாதத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, இங்கே ஒரு ஒப்புப் போடு என்றார். போட்டேன். சுவரொட்டியில் இரண்டு பேர் படமும் வந்தது. நின்றது நான், பெரிய படம் அவருடையது. நானூறு சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தோம். அன்றைக்கு எல்லோரும் அவருக்குத்தான் கை கொடுத்தார்கள், என்னிடம் இனிப்புத் தட்டைக் கொடுத்து எல்லோருக்கும் நீட்டச் சொன்னார்கள்.

ஐந்து வருஷமும் அப்படியே ஓடியிருக்கும். இரண்டாவது வருஷம் அவருக்கு முதுகில் டிஸ்க் நழுவி மாதக்கணக்கில் படுக்கையோடு கிடந்தார். அப்போது வேலியேற்றக் காலம். கடல் ஏறும்போது உப்புத்தண்ணீர் ஓடை வழியாகப் புறப்பட்டுத் தாழ்ந்த சந்துகளில் வீட்டுக்குள் வந்து நிற்கும், அதைத்தான் இங்கே வேலியேற்றம் என்போம். ஓடைக்கரைச் சந்தில் பொன்மணி என்று ஒருத்தி இருக்கிறாள், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இட்லிக்கடை போட்டிருப்பவள். ஒரு விடிகாலையில் முழங்கால்வரை நனைந்த சேலையோடு வாசலில் வந்து நின்றாள். கவுன்சிலருக்கு உடம்பு சரியில்லை என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஓட்டு உங்க பேருலதானக்கா போட்டோம்?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு போனேன். அவள் வீட்டில் தண்ணீருக்கு நடுவே கட்டிலை ஏற்றி, கட்டில்மேல் அடுப்பை ஏற்றி, அதில் இட்லி வெந்துகொண்டிருந்தது. கடைக்கு நேரமாகிறது என்று எனக்கும் இரண்டு வைத்துக் கொடுத்தாள். நின்றபடியே சாப்பிட்டேன். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு நானே ஃபோர்ட் கொச்சியில் போட் ஏறி எர்ணாகுளத்தில் இருக்கும் மாநகராட்சி ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தேன். முதல் தடவை கவுன்சில் கூட்டத்தில் எழுந்து, தாளில் எழுதிக்கொண்டு போனதை அப்படியே வாசித்தேன். ஓடை வாயில் ஒரு ஷட்டர் வைத்தால் ஏற்றத்தின்போது இறக்கிவிடலாம் என்று ஒரு இன்ஜினீயர் சொன்னார். அந்த ஷட்டருக்காக நான் ஏறி இறங்காத படி இல்லை. கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது, யாரிடம் சிரித்தால் நகரும், யாரிடம் கத்தினால் நகரும் என்பதெல்லாம் பாடமானது. ஷட்டர் வந்தது. அந்த வருஷம் ஓடைக்கரையில் யாரும் கட்டில்மேல் அடுப்பை ஏற்றவில்லை. திறப்பு விழா வருவதற்குள் சங்கர்ராம் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். ரிப்பன் வெட்டும் கத்திரிக்கோலைத் தட்டில் வைத்து நீட்டினார்கள், நான் கை நீட்டுமுன் அவர் எடுத்துக்கொண்டார். பழக்கதோஷம்தான். ஆனாலும் அன்று எனக்கு வந்த கோபம் லேசுப்பட்டது இல்லை.

இந்த முறை எங்கள் டிவிஷன் பொது என்று அறிவிப்பு வந்த அன்று மாலையே கட்சியின் டிவிஷன் செயலாளர் ஆனந்தகுமார் நாலு பேரோடு வீட்டுக்கு வந்தார். கையில் லட்டுப் பெட்டி. சங்கர்ராம் அன்று மீசைக்குச் சாயம் பூசியிருந்தார். சீட்டு நம்ம கைக்குத் திரும்பிவிட்டது என்று பேசிச் சந்தோஷப்பட்டார்கள். எந்தக் கையிலிருந்து திரும்பியது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அந்தக் கை அவர்களுக்குக் காபி எடுத்துக்கொண்டிருந்தது.

டம்ளர்களை மேசைமேல் வைத்துவிட்டு, நான் நிற்கப்போகிறேன் என்று சொன்னேன். எங்கே என்று கேட்டார் ஆனந்தகுமார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. தேர்தலில் என்றேன். அவர் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாக விளக்கினார். இது இனிப் பெண்கள் டிவிஷன் இல்லை, பொது டிவிஷன், அடுத்த முறை பெண்களுக்கு வரும்போது கட்டாயம் நான்தான்.

"பொதுன்னா ஆம்பிளைக்குன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. அதுவரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மட்டாஞ்சேரியில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். பெண்கள் டிவிஷனில் பெண் நிற்பாள், பொது டிவிஷனில் ஆண் நிற்பான். பொது என்றால் யாரும் நிற்கலாம் என்பது எழுத்தில் இருந்தது, ஒருத்தர் மண்டையிலும் இல்லை. ஆனந்தகுமார் சங்கர்ராமைப் பார்த்தார். சங்கர்ராம் லட்டைப் பார்த்தார்.

கட்சிக் கூட்டத்தில் பெரிய இரைச்சல். புருஷனும் பெண்டாட்டியும் வீட்டில் பேசி முடித்துவிட்டு வாருங்கள் என்று ஒருத்தர் சொன்னார். பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன், அவர் பேசவில்லை, நான் முடித்துவிட்டேன் என்றேன். மாவட்டக் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரை அனுப்பி டிவிஷன் முழுக்க விசாரித்தார்கள். ஓடைக்கரையில் எல்லோரும் ஷட்டர் வைத்த அக்கா என்று சொன்னார்களாம். எதிரணியில் நிற்பவர் நல்ல பேர் வாங்கின பள்ளிக்கூட வாத்தியார், தாழ்ந்த சந்துகளின் ஓட்டு இல்லாமல் அவரை ஜெயிக்க முடியாது என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். என்மேல் இருந்த பிரியத்தால் இல்லை. எப்படியோ, இருக்கிற கவுன்சிலரே மறுபடி வேட்பாளர் என்று முடிவானது.

சங்கர்ராம் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் மரியாதைக்காரராகிவிட்டார். நன்றாக நில் என்றார். காபி நன்றாக இருக்கிறது என்றார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் சொல்லாத வார்த்தை அது. சுவரொட்டி அச்சாகி வந்தபோது அதில் என் படம் மட்டும் இருந்தது. கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, அழகாயிருக்கிறது, வலதுபக்கம் எதற்கு இவ்வளவு இடம் சும்மா விட்டிருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். பிறகு கடைக்குப் போய்விட்டார். வீடுவீடாக நான் போன நாட்களில் அவர் கூட வரவில்லை, சங்கர்ராம் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் வருவார் என்று சொல்லிவைத்தேன்.

எனக்கு இந்த ஜெயம் வேண்டியிருந்தது. சும்மா ஆசை என்று சொல்ல முடியாது. போன தேர்தலில் விழுந்த ஓட்டில் எது எனக்கு விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. ஒன்றாவது விழுந்ததா என்றும் தெரியாது. இந்த முறை தோற்றால், இந்த ஐந்து வருஷமும் அவருடைய ஐந்து வருஷம் என்றே ஊர் எழுதிக்கொள்ளும். ஷட்டரும் அவர் வைத்தது ஆகிவிடும்.

எங்கள் தெருவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பங்கள். எங்கள் கட்சிக்கு ஓட்டுப் போடுகிற வீடுகள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஓட்டுப்பதிவு அன்று நேரில் வந்து கூப்பிட வேண்டும். கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுத்தாலும் முதல்நாள் ஒரு தடவை வந்து அழைத்தால்தானே மரியாதை, அதே கணக்கு. பிரச்சார நோட்டீஸ் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், அன்றைக்கு வேட்பாளர் வீட்டிலிருந்து ஒருத்தர் படியேறி வந்து, வாருங்கள் ஓட்டுப் போட்டுவிட்டு வரலாம் என்று சொல்ல வேண்டும். கூப்பிட்ட பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவார்கள். கூப்பிடாவிட்டால் கிளம்ப மாட்டார்கள். இதில் சங்கர்ராம் மன்னன். யாரைக் காலையில் கூப்பிட வேண்டும், யாரைப் பூஜை முடிந்து கூப்பிட வேண்டும், எந்த வீட்டில் மருமகளைத் தனியாகக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இந்த முறையும் தெருவை அவர் பார்த்துக்கொள்வார் என்று ஆனந்தகுமார் சொன்னார். அவரிடமும் சொல்லிவிட்டதாகச் சொன்னார். நான் அதோடு தெருவை மறந்துவிட்டேன். சொந்தத் தெருதானே.

ஓட்டுப்பதிவு அன்று காலையில் முதல் ஆளாகப் போய் என் ஓட்டைப் போட்டுவிட்டு ஓடைக்கரைக்குப் போனேன். பொன்மணி கடையை மூடிவிட்டு அந்தச் சந்து முழுவதையும் வரிசையில் நிறுத்தியிருந்தாள். அவள் ஊர் ஓட்டை வெட்டிவிட்டுப் பேரை இங்கே சேர்த்தவள், இங்கே மாநகராட்சித் தேர்தலில் போடுவது இரண்டாவது தடவை, அதனால் கல்யாணக் களை. மற்ற பூத்துகளையும் சுற்றிவிட்டு மத்தியானம் தாண்டி எங்கள் தெருவின் பூத்துக்கு வந்தேன். பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் கட்சி மேசை போட்டு, தையல்கடை யூசுப் உட்கார்ந்திருந்தார். ஓட்டுப் போட்டவர்கள் பேரை அடித்துக்கொண்டே வருவது அவர் வேலை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முகம் சரியில்லை.

"சேச்சி, உங்க தெருவுல உங்களைத் தவிர ஒரு மனுஷரும் எறங்கலையே," என்றார்.

நான் நம்பவில்லை. வெயிலுக்குப் பயந்திருப்பார்கள் என்றேன். வெயில் எல்லா வருஷமும் இருந்தது என்றார் யூசுப். சங்கர்ராமுக்குப் போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தார். ஆனந்தகுமாருக்குப் போட்டேன். காலையிலிருந்து அவரைப் பார்க்கவில்லை, கூப்பிட்டுக்கொண்டு இருப்பார் என்று நினைத்தேன் என்றார். அந்தத் தெரு வராமல் ஓடைக்கரை மட்டும் வந்தால் நான் தோற்றுப்போவேன். அதற்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை.

தெருவில் முதல் வீடு கனகாம்பாள் மாமியுடையது. கதவு திறந்தே இருந்தது. மாமி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவை, தலையில் பூ, மடியில் சின்னப் பர்ஸ், பர்ஸுக்குள் அடையாள அட்டை. காலையிலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறாள் என்பது புடவையின் மடிப்பைப் பார்த்தாலே தெரிந்தது. ஏன் மாமி வரவில்லை என்று கேட்டேன்.

"யாரும் கூப்பிட வரலியேடீ," என்றாள் மாமி. "சங்கரன் வரலைன்னா அவனுக்குச் சம்மதம் இல்லேன்னாக்கும் நெனச்சோம். ஆம்படையான் பொண்டாட்டி வழக்குல நாங்க எதுக்கு நடுவுல?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நல்லது செய்வதாக நினைத்துத்தான் பட்டுப்புடவையோடு பசியாக உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் நேரம் இல்லை. கையைக் கூப்பினேன். நான் கூப்பிட வந்திருக்கிறேன், மாமி, வாருங்கள், ஓட்டுப் போட்டுவிட்டு வரலாம் என்றேன். மாமி எழுந்து, அடுப்பை அணைத்துவிட்டேனா பார் என்று என்னையே உள்ளே அனுப்பிவிட்டு, செருப்பைத் தேடினாள்.

வரிசையாக வீடு ஏறினேன். எல்லா வீட்டிலும் ஆட்கள் உடுத்தித் தயாராக இருந்தார்கள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு டிவி பார்த்தார்கள். பவுடர் பூசிக்கொண்டு தூங்கினார்கள். ஒரு தெரு முழுக்கக் கல்யாணத்துக்குக் கிளம்பி, வண்டி வராமல் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. பெண்கள் உடனே எழுந்தார்கள். ஒருத்தி, எங்களைக் கூப்பிட எப்போதும் ஆண்கள்தான் வருவார்கள், வீட்டு ஆண்களையே கூப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள், இப்போதுதான் என் பேரைச் சொல்லி ஒருத்தர் கூப்பிடுகிறார் என்றாள். ஆண்கள் சிலர் இழுத்தார்கள். வெங்கிடேஸ்வரன் மாமா வாசலில் நின்றுகொண்டு, தம்பதியாக வந்து கூப்பிட்டால் சந்தோஷமாக இருக்கும் என்றார். கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை மாமா, ஓட்டுக்குக் கூப்பிடுகிறேன் என்றேன். சங்கர்ராம் இறங்கட்டும், நானும் இறங்குகிறேன் என்று அவர் உள்ளே போய்விட்டார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று நாலு வீடுகள் தயங்கின.

எங்கள் வீடு தெருக்கோடியில். எனக்குக் கொதித்தது. கட்சிக்காரன் கூடச் செய்ய மாட்டான், வீட்டுக்குள்ளேயே காலை வாரிவிட்டாரே என்று மனசுக்குள் வசவாகக் கொட்டிக்கொண்டே படியேறினேன். கதவைத் தள்ளினேன். சங்கர்ராம் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகச்சவரம் செய்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கரைபோட்ட முண்டு. சட்டைப்பையில் அடையாள அட்டை நுனி தெரிந்தது. அவரும் காலையிலிருந்து உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

என் வாயில் இருந்த வசவு பாதியில் நின்றுவிட்டது. தெருவை ஏன் கூப்பிடவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"யாரு சொன்னா என்னண்ட? ஆனந்தகுமார் சொன்னான். அவனா நிக்கறான்?" என்றார். "ஊர்ல ஒரு வீடு பாக்கியில்லாம ஏறி ஓட்டுக் கேட்டே. வாத்தியாரோட அம்மாகிட்டகூடக் கேட்டியாமே. என்கிட்ட கேட்டியோ?"

கேட்கவில்லைதான். கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. வீட்டு ஓட்டு, அது எங்கே போகும் என்று இருந்துவிட்டேன். ஆனால் உடனே தலை குனிகிற ஆளில்லை நான்.

"அஞ்சு வருஷம் முன்னாடி தயிர்சாதத்துக்குப் பக்கத்துல காகிதத்தை வெச்சேளே, அப்போ நீங்க என்னைக் கேட்டேளா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். பெரிய வியாபாரம் பேசுகிற மனுஷர், எத்தனையோ மேடையில் முழங்கினவர், சட்டையின் கஞ்சி கலையாமல் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கோபம் போகவில்லை, அதுவும் கூடவே இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். பூத்தை மூட இன்னும் கொஞ்ச நேரம்தான். இப்போதே சண்டையை முடிக்கலாம், அல்லது தேர்தலை முடிக்கலாம். இரண்டையும் முடிக்க நேரமில்லை.

ஒன்று செய்யலாமா என்று யோசித்தேன். பேசாமல் திரும்பிவிடலாம். இவர் ஓட்டு இல்லாமலும் ஜெயித்துக் காட்டலாம். அது நல்ல ரோஷமாக இருந்திருக்கும். ஆனால் முன்பின் தெரியாத வீட்டுப் படியெல்லாம் ஏறிக் கையைக் கூப்பினவள், இந்த ஒரு நாற்காலிக்கு முன்னால் மட்டும் கூப்ப மாட்டேன் என்றால், இவர் ஓட்டு என் உடைமை என்று நானும் நினைத்துக்கொண்டதாகத்தானே அர்த்தம். என் கையெழுத்தை அவர் அப்படி நினைத்தாரே, அதேதான்.

அவருக்கு எதிரே போய் நின்றேன். எல்லா வீட்டிலும் செய்த மாதிரியே கையைக் கூப்பினேன். நான் இந்த டிவிஷன் கவுன்சிலர் சீதாலக்ஷ்மி, மறுபடியும் நிற்கிறேன், உங்கள் ஓட்டை எனக்குப் போட வேண்டும் என்று கேட்டேன். குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் யாருக்குப் போடுவேன்னு ஒனக்குத் தெரியுமோ?"

"தெரியாது," என்றேன். "அதனாலதான் கேக்கறேன்."

அவர் முகத்தில் என்ன வந்தது என்று நின்று பார்க்க எனக்கு அவகாசம் இல்லை. தெரு மூலைச் சந்தில் இரண்டு வீடு பாக்கி இருந்தது. படியிறங்கி ஓடினேன். அங்கே ஒரு தாத்தாவை அவர் மருமகளோடு கிளப்பி, மெல்லக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது வாசலில் பெரிய வரிசை நின்றது. எங்கள் தெரு முழுக்கப் பட்டும் கஞ்சியுமாக நின்றது. கனகாம்பாள் மாமி போட்டுவிட்டு வெளியே வந்து மைவிரலை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். வரிசையின் கடைசிப் பக்கம் சங்கர்ராம் நின்றார். அவருக்குப் பின்னால் வெங்கிடேஸ்வரன் மாமா. இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை, முன்னால் இருந்தவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் யாரையாவது போய்க் கூப்பிட்டாரா, அல்லது சும்மா தெருவில் நடந்ததைப் பார்த்தே மாமா இறங்கினாரா என்று எனக்குத் தெரியாது. வரிசையில் நிற்கிறவரிடம் வேட்பாளர் பேசக் கூடாது. நான் வாசலுக்கு வெளியே தள்ளி நின்றுகொண்டேன். மணி ஆறானதும் கேட்டைச் சாத்தினார்கள். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் போட்டு முடிக்க இருட்டிவிட்டது.

அன்று வீட்டில் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. ரசம் சாதம் சாப்பிட்டோம். அவர் விரலில் மை இருந்தது. என் விரலிலும் இருந்தது. காபி எப்படி இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஓட்டு எண்ணிக்கை அன்று எர்ணாகுளத்தில் கூடத்துக்குள் நானும் ஆனந்தகுமாரும் உட்கார்ந்திருந்தோம். பாதிவரை வாத்தியார் முன்னால் இருந்தார். ஓடைக்கரை பூத் எண்ணினபோது நான் கிட்டத்தில் வந்தேன். எங்கள் தெருவின் பூத் கடைசியில் வந்தது. முப்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் நான் ஜெயித்தேன். வாத்தியார் எழுந்து வந்து கை கொடுத்தார், நல்ல மனுஷர். ஆனந்தகுமார் போனில் கத்திக்கொண்டிருந்தார். நான் சந்தோஷமாக இருந்தேன், ரொம்பச் சந்தோஷமாக. அதை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மட்டாஞ்சேரிக்குத் திரும்பினபோது வீட்டு வாசலில் கூட்டம். பொன்மணி ஒரு மாலையோடு நின்றாள், ஓடைக்கரைப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். மாலை என் கழுத்தில் விழுந்தது. சங்கர்ராம் கதவோரத்தில் ஒதுங்கி நின்றார். வந்தவர்களுக்கு நீட்ட யாரோ அவர் கையில் இனிப்புத் தட்டைக் கொடுத்திருந்தார்கள், அவரும் பிடித்துக்கொண்டு நின்றார். வெங்கிடேஸ்வரன் மாமா அவர் தோளில் தட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். முப்பத்தொன்றில் ஜெயித்தது, கடைசி நேரத்தில் சங்கர்ராம் தெருவில் இறங்கினதால்தானே, அவர் இறங்காவிட்டால் இது நடக்குமா என்றார். ஆனந்தகுமார் ஆமாம் ஆமாம் என்றார். கூட்டத்தில் பாதிப்பேர் சங்கர்ராமைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு வார்த்தை போதும், இந்த ஜெயமும் அவருடையதாகிவிடும். கொடுத்த ஜெயத்தை வேண்டாம் என்கிற ஆள் இல்லை அவர். ரிப்பனைக்கூட விடாதவர்.

அவர் தட்டைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்துச் சொன்னார்.

"நான் ஒரு ஓட்டாக்கும் போட்டேன், மாமா. பாக்கியெல்லாம் அவ படியேறிக் கேட்டு வாங்கினது."

"அந்த ஒண்ணும் கேட்டு வாங்கினதுதான்," என்றேன் நான்.

எல்லோரும் சிரித்தார்கள். வேடிக்கைக்குச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் சிரிக்கவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு, தட்டை முதலில் என்னிடம் நீட்டினார். நான் ஒரு லட்டை எடுத்தேன். அதைத் தின்ன வெகுநேரம் ஆயிற்று.